அலைச்சறுக்கில் மூத்தவர்களும் புதியவர்களும்: ஓர் அலைக்காக இத்தனை கோபம் ஏன்?

புதுப்பலகை எழுதியது:

வணக்கம். எட்டு மாதங்களாக அலைச்சறுக்குப் பழகி வருகிறேன். முதல் ஆறு மாதங்கள் இடுப்பளவு நீரில், உடைந்து வரும் நுரையில் எழுந்து நிற்கக் கற்பதிலேயே கழிந்தன. அண்மையில்தான் நுரையைத் தாண்டி, மற்றவர்கள் பலகைமேல் அமர்ந்து அலைக்குக் காத்திருக்கும் லைன்அப் வரை போகத் துணிந்தேன். மூன்றாவது முறை போனபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சுற்றியிருந்த பதினைந்து பேருக்கும் கேட்கும்படி, "கரையிலேயே விளையாடு, இங்கே வந்து ஆளைக் கொல்லாதே" என்று கத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. நான் பதில் பேசாமல் கரைக்குத் திரும்பிவிட்டேன். பலகையைக் கழுவும்போதும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மூத்தவர்களிடம் கேட்க விரும்புவது இதுதான். நீங்கள் எதற்காக அலைச்சறுக்குகிறீர்கள்? மகிழ்ச்சிக்காக என்றால், லைன்அப்பில் அமர்ந்திருக்கும் உங்களில் பலருடைய முகத்தில் அது ஏன் தெரிவதில்லை?

உப்புக்காது எழுதியது:

26 ஆண்டுகளாகப் பலகையோடு இருக்கிறேன். உங்களைத் திட்டியவர் நான் இல்லை. ஆனால் நானும் திட்டியிருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அன்று சரியாக என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவர் ஏற்கெனவே எழுந்து நின்ற அலையில் நீங்கள் முன்னால் புகுந்தீர்களா, அவர் வரும் வழியில் நின்றீர்களா, பலகையைக் கைவிட்டீர்களா? மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். மூன்றாவதற்கு யாராக இருந்தாலும் கத்துவார்கள்.

கோபத்தின் கணக்கைச் சொல்கிறேன். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. தொலைவில் வீசிய புயலிலிருந்து கிளம்பும் அலைகள் பயணத்தின்போதே கூட்டம் கூட்டமாகப் பிரிந்துகொள்கின்றன. அதைத்தான் "செட்" என்கிறோம். நான்கைந்து நல்ல அலைகள் வரும், பிறகு பத்து நிமிடமோ கால் மணி நேரமோ கடல் அடங்கிக் கிடக்கும். ஓர் அலையின் உடையும் முகப்பில் ஒருவருக்குத்தான் இடம். லைன்அப்பில் இருபது பேர் இருந்தால், எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

அலைச்சறுக்குவோரைக் கடிகாரம் வைத்து அளந்த ஆய்வுகள், கடலில் இருக்கும் நேரத்தில் ஏறத்தாழப் பாதி கையால் துழாவி முன்னேறுவதிலும், மீதியில் பெரும்பகுதி சும்மா காத்திருப்பதிலும் போய்விடுவதாகக் காட்டுகின்றன. அலைமேல் இருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என் கணக்கு அதைவிட மோசம். இரண்டு மணி நேரம் கடலில் இருந்தால் மூன்று நிமிடம் நின்றிருப்பேன். ஆண்டுக்கு நூறு முறை என்று வைத்துக்கொண்டால், 26 ஆண்டுகளில் மொத்தம் 130 மணி நேரம். ஐந்தரை நாள்கூட இல்லை. அந்த ஐந்தரை நாளுக்காக நான் விட்டுக்கொடுத்த உறக்கத்தையும் பதவி உயர்வுகளையும் உறவினர் வீட்டுத் திருமணங்களையும் எண்ணினால் சிரிப்புத்தான் வருகிறது.

என் முன்னால் ஒருவர் அறியாமல் புகும்போது, அவர் பார்வையில் அது எட்டு விநாடி. என் பார்வையில் அந்த எட்டு விநாடிக்குப் பின்னால் நாற்பது நிமிடக் காத்திருப்பு இருக்கிறது.

நுரைநீர் எழுதியது:

கணக்கு சரி. ஆனால் பேருந்துக்கு நாற்பது நிமிடம் நின்றவரும் வரிசையில் புகுந்தவரைக் கெட்ட வார்த்தையில் திட்டுவதில்லை. காத்திருப்பைக் காட்டி வசையை நியாயப்படுத்துகிறீர்கள்.

நெடும்பலகை எழுதியது:

பேருந்து நிறுத்தத்தில் வரிசை கண்ணுக்குத் தெரியும், கடலில் தெரியாது. பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் புதியவரின் முதல் கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் சற்றுப் பின்னால் போகிறேன்.

1777-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணக் குழு பசிபிக் தீவான தஹீத்தியில் தங்கியிருந்தபோது, ஒரு மனிதர் சிறு ஓடத்தில் அலை உடையும் இடத்துக்குப் போய், ஏற்ற அலை வரும்வரை காத்திருந்து, அதன்மேல் கரைவரை வழுக்கி வந்து, இறங்காமல் மறுபடியும் உள்ளே போவதை அவர்களில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கடல் தன்னை இவ்வளவு வேகமாகவும் மென்மையாகவும் தள்ளிக்கொண்டு போவதில் அந்த மனிதர் பேரின்பம் அடைந்திருக்க வேண்டும் என்று அவர் குறித்து வைத்தார். 1784-இல் அந்தப் பயணக் குறிப்புகள் அச்சாயின. மீன் பிடிக்கவும் இல்லை, எங்கும் போய்ச் சேரவும் இல்லை, திரும்பத் திரும்ப அதையே செய்தார் என்பதுதான் பார்த்தவரை வியக்க வைத்தது. எதற்காக அலைச்சறுக்குகிறோம் என்ற கேள்விக்கு இதைவிடக் கூடுதலான விடை எனக்குத் தெரியாது.

ஆனால் அதே கடலில் ஏற்றத்தாழ்வும் அன்றே இருந்தது. பழைய ஹவாயில் தலைவர்கள் 15 அடிக்கும் மேல் நீண்ட "ஓலோ" பலகைகளில் சறுக்கினார்கள். மற்றவர்களுக்குக் குட்டையான "அலையா" பலகைகள். (ஆம், பெயர் அதுவேதான், தமிழ்க் காதுக்கு இனிக்கிறது, ஆனால் தற்செயல்.) சில இடங்களின் அலைகள் தலைவர்களுக்கே உரியவை, மீறினால் கடும் தண்டனை. ஆகவே "அலை எல்லோருக்கும் சொந்தம், இடையில் வந்த சிலர் கெடுத்துவிட்டார்கள்" என்ற பழம்பெருமைக் கதையை நான் நம்புவதில்லை.

மாறியது என்னவென்றால், உள்ளே விடாமல் தடுத்த இயற்கையான தடைகள்தான். பலகை கனமான மரத்தால் ஆனதாக இருந்தவரை, அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போவதே பலருக்கு இயலவில்லை. 1950-களின் இறுதியில் பால்சா மரத்தின் இடத்தைப் பாலியூரித்தேன் நுரை பிடித்ததும் பலகை மேலும் இலகுவானது. 1959-இல், அலைச்சறுக்கும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிய "கிட்ஜெட்" திரைப்படம் வெளியானதும் கலிபோர்னியாவின் மாலிபூ கடற்கரையில் கூட்டம் பெருகியது. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் புலம்பத் தொடங்கினார்கள். குளிருக்கான உடை வந்ததும் குளிர்கடல் என்ற தடை போனது. 1985-இல் சர்ஃப்லைன் என்ற நிறுவனம் தொலைபேசியிலேயே அலை நிலவரம் சொல்லத் தொடங்கியதும், நாள்தோறும் விடியற்காலையில் கடலைப் போய்ப் பார்த்தவருக்கு மட்டும் இருந்த அறிவு பொதுவானது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் லீஷ். 1970-களின் தொடக்கத்தில் பலகையைக் காலோடு கட்டும் கயிறு பரவும்வரை, விழுந்தவர் கரைவரை நீந்திப் போய்த் தன் பலகையை எடுத்து வர வேண்டும். நன்றாக நீந்தத் தெரியாதவர் லைன்அப் வரை வரவே மாட்டார். அடிக்கடி விழுபவர் அரை மணி நேரத்தில் களைத்துப் போவார். யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை, அந்த வேலையைக் கடலே செய்தது. இன்று அந்தத் தடைகள் எல்லாம் விழுந்துவிட்ட நிலையில், காவல் வேலையை மூத்தவர்களில் சிலர் தங்கள் வாயால் செய்கிறார்கள்.

கரைப்பாடம் எழுதியது:

நான் பயிற்சி கொடுப்பவன். கூச்சத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்: இந்தச் சிக்கலில் எங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

முதல் வகுப்பில் என்ன செய்கிறோம்? மணலில் பலகையை வைத்து எழுந்து நிற்கச் சொல்லித் தருகிறோம், நுரையில் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறோம், நின்றவுடன் கைதட்டுகிறோம், படம் எடுக்கிறோம். எழுந்து நிற்பதுதான் அலைச்சறுக்கு என்ற எண்ணத்தோடு மாணவர் வீட்டுக்குப் போகிறார். கடலில் யாருக்கு முன்னுரிமை, எந்த வழியாக அலைகளைத் தாண்டி வெளியே லைன்அப்புக்குப் போவது, விழும்போது பலகையை என்ன செய்வது என்பவையெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்தில், அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லப்படுகின்றன. வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சாலை விதியைச் சொல்லாமல் அனுப்புவதற்கு ஒப்பானது இது.

எழுதப்படாத விதிகளை எழுதித்தான் பார்ப்போமே. அலை முதலில் உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விலக வேண்டும். விலகாமல் அவர் முன்னால் எழுவதுதான் "டிராப் இன்". அருகில் இருப்பவருக்கு உரிமை என்பதற்காக, காத்திருப்பவரைச் சுற்றி வளைத்துப் போய் ஒவ்வொரு முறையும் உடையும் இடத்துக்கு நெருக்கமான உள்பக்கத்தைப் பிடிப்பதும் குற்றம்தான். இந்த இரண்டாவது குற்றத்தைப் பெரும்பாலும் செய்பவர்கள் புதியவர்கள் அல்லர், நன்றாகத் துழாவத் தெரிந்த மூத்தவர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். வெளியே போகும்போது, அலைகள் உடையாத ஆழமான ஓடை இருந்தால் அதன் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், மற்றவர்கள் சறுக்கி வரும் பாதையின் குறுக்கே அல்ல.

போட்டிகளில் முன்னுரிமையைத் தீர்மானிக்க நடுவர்கள் இருக்கிறார்கள், குறுக்கிட்டவரின் மதிப்பெண் குறையும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அலைச்சறுக்கைப் பார்த்தவர்கள் அந்த ஒழுங்கைத்தான் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு வந்த என் மாணவர் ஒருவர், "இங்கே நடுவர் யார்?" என்று கேட்டார். யார் குரல் உரத்ததோ அவர்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதுதான் உண்மை.

ஏழாம்அலை எழுதியது:

மூத்தவர், புதியவர் என்று இருவகை மட்டுமே இருப்பதாக எல்லோரும் பேசுகிறீர்கள். நான் 14 ஆண்டுகளாக அலைச்சறுக்குகிறேன். பெண் என்பதால், புதிய இடம் ஒன்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் முதல் ஒரு மணி நேரம் நான் புதியவள்தான். நான் துழாவி எழப்போகும் அலையில், "இவள் எப்படியும் தவறவிடுவாள்" என்ற முடிவோடு எனக்கு முன்னால் இறங்குவார்கள். நான்கு அலைகள் ஒழுங்காகச் சறுக்கிக் காட்டிய பிறகுதான் ஐந்தாவது எனக்குக் கிடைக்கும். எனக்கு அருகில் அமர்ந்திருக்கும் ஆண் இந்தத் தேர்வை எழுதுவதில்லை.

ஆகவே, மூத்தவர்களின் கோபம் முழுக்கப் பாதுகாப்பு பற்றியது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கலிபோர்னியாவின் லுனாடா விரிகுடாவில் உள்ளூர் அலைச்சறுக்கர்கள் வெளியாட்களைப் பல்லாண்டுகளாக அச்சுறுத்தி விரட்டியதாகக் குற்றம் சாட்டி, 2016-இல் வழக்கே தொடரப்பட்டது. கரையில் அவர்கள் அமர்வதற்காகக் கட்டிவைத்திருந்த கற்கோட்டை அதே ஆண்டில் இடிக்கப்பட்டது. விரட்டப்பட்டவர்களில் மிகத் தேர்ந்த அலைச்சறுக்கர்களும் இருந்தார்கள். சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்தாக இருந்த இடத்தில்தான் இது நடந்தது. அங்கே ஆபத்து என்பது ஒரு சாக்குதான். புதியவர்மேல் பாயும் ஒவ்வொரு மூத்தவரும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. "உனக்குத் தெரியாது" என்பதும் "நீ எங்களில் ஒருவர் இல்லை" என்பதும் ஒரே குரலில் வருவதால், கேட்பவருக்கு எது எது என்று பிரித்தறிய முடிவதில்லை என்கிறேன்.

மட்டுறுத்துநர் எழுதியது:

மேலே ஒரு பதிவில் குறிப்பிட்ட கடற்கரையின் பெயரும் எந்தக் காற்றுக்கு அது நன்றாக இருக்கும் என்ற விவரமும் இருந்தன. மூன்று உறுப்பினர்கள் தனிமடலில் கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன். அந்த மூவரும் இந்த இழையில் "அலை எல்லோருக்கும் பொது" என்ற கருத்துக்கு விருப்பம் தெரிவித்தவர்கள் என்பதைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகிறேன்.

உப்புக்காது எழுதியது:

ஏழாம்அலை அவர்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உள்பக்கத்தைச் சுற்றி வளைப்பது பற்றிக் கரைப்பாடம் எழுதியதும் என்னைத்தான் சுடுகிறது. மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் புருவத்தின் குறுக்கே பதினொரு தையல் போட்ட தழும்பு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அலையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் வந்த நுரையைக் கண்டு அஞ்சி, பலகையை விட்டுவிட்டு நீருக்குள் மூழ்கினார். ஒன்பது அடிப் பலகை, அதோடு ஒன்பது அடிக் கயிறு. அவர் காலிலிருந்து 18 அடி தொலைவு வரை அந்தப் பலகை பின்னோக்கிப் பறந்து வந்தது, அதன் அடியில் உள்ள துடுப்பு என் முகத்தில் பட்டது. விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அவர் அழுதுவிட்டார், நல்ல மனிதர், மருத்துவமனை வரை கூடவே வந்தார். அன்று நான் அவரைத் திட்டவே இல்லை. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். புதியவர்கள் பழகும் பெரிய, மென்மையான நுரைப்பலகையோடு ஒருவர் எனக்கு நேர் முன்னால் தடுமாறினால், நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொள்கிறது.

இது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது 51 வயது. தோள் பழையபடி சுழல்வதில்லை. முன்பு எளிதாகப் பிடித்த அலைகளில் மூன்றில் ஒன்றை இப்போது தவறவிடுகிறேன். இளைஞர் ஒருவர் ஆறு மாதப் பழக்கத்தில் என்னைத் தாண்டித் துழாவிப் போகும்போது, விதியை அவர் மீறாவிட்டாலும் என் மனம் ஒரு விதியைத் தேடுகிறது.

எதற்காகப் போகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரே அலையை இரண்டாம் முறை சறுக்க முடியாது என்பதற்காக. வீணை பழகுபவர் அதே வரிசையை ஆயிரம் முறை வாசிக்கலாம். எனக்குக் கிடைத்த அலை எங்கோ கிளம்பி, பல நாள் பயணம் செய்து, நீரின் ஆழம் ஏறத்தாழ அதன் உயரத்தின் ஒன்றேகால் மடங்காகக் குறைந்த இடத்தில் கவிழ்ந்து, முடிந்துவிடுகிறது. நான் செய்த பிழையைத் திருத்திக்கொள்ள அது திரும்பி வராது. 26 ஆண்டுகள் பழகியும் ஐந்தரை நாள் அனுபவம்தான் என்றால், நானும் ஏறக்குறையப் புதியவன்தான். இதைக் கடலில் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நுரைநீர் எழுதியது:

இவ்வளவும் படித்தபின் என் முடிவு: செயற்கை அலைக்குளம்தான் தீர்வு. 2015-இல் அலைச்சறுக்கு உலக வாகையர் கெல்லி ஸ்லேட்டர் தன் குளத்தைக் காட்டியபோது எல்லோரும் அலையின் வடிவத்தைப் பார்த்து வியந்தார்கள். நான் வியந்தது வேறொன்றை: அங்கே வரிசை இருக்கிறது. உங்கள் முறை வந்தால் அலை உங்களுடையது. தழும்பும் இல்லை, வசையும் இல்லை.

ஏழாம்அலை எழுதியது:

வேறொரு குளத்துக்கு நான் ஒரு முறை போனேன். பன்னிரண்டு அலைகள், பன்னிரண்டும் ஒன்றுபோல. என் திருப்பம் அந்த ஒரு மணி நேரத்தில் மேம்பட்ட அளவு ஓராண்டில் மேம்பட்டதில்லை. யாரும் என்னைச் சோதிக்கவில்லை, அதற்காகவே மறுபடியும் போவேன். ஆனால் மறுநாள் விடியலில் கடலுக்குத்தான் போனேன். காரணம் கேட்காதீர்கள், நெடும்பலகை எழுதிய தஹீத்தி மனிதரிடம் கேளுங்கள்.

புதுப்பலகை எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நான் முதற்பதிவில் எழுதாமல் விட்டதை இப்போது எழுத வேண்டும். செட் வந்தபோது நான் பலகையைக் கைவிட்டுவிட்டு மூழ்கினேன். என்னைத் திட்டியவர் எனக்குப் பின்னால் இருந்தார். பலகை அவர்மேல் படவில்லை. எவ்வளவு தொலைவில் போனது என்றுகூட எனக்குத் தெரியாது, நான் நீருக்குள் இருந்தேன். அதை எழுதாமல் விட்டது வேண்டுமென்றே அல்ல. அது ஒரு தவறு என்று உப்புக்காது ஐயாவின் பதிவுகளைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. கயிறு இருப்பதே பலகையைக் கைவிடுவதற்காகத்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் பேசிய விதம் சரி என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் என் கேள்வி மாறிவிட்டது. என்னுடையது எட்டடி நுரைப்பலகை. மற்றவர்களைப் போல அதன் மூக்கை அழுத்தி அலைக்கு அடியில் நுழைய எனக்கு இயலவில்லை, அது மிதந்து மேலே வந்துவிடுகிறது. நுரை நேராக வரும்போது, பின்னால் ஆள் இருந்தால் நான் என்ன செய்வது?

கரைப்பாடம் எழுதியது:

அந்தப் பலகையை அழுத்தி மூழ்கடிக்க யாராலும் முடியாது. உங்கள் குறை அல்ல. ஆமை போலக் கவிழ்ந்துகொள்ளுங்கள். நுரை வந்து சேர ஓரிரு விநாடி இருக்கும்போது, பலகையின் இரு விளிம்புகளையும் மார்புக்கு நேராக இறுகப் பற்றி, பக்கவாட்டில் உருண்டு, பலகை மேலே, நீங்கள் நீருக்குள் என்று ஆகிவிடுங்கள். மூக்குப் பகுதி அலையை நேராக நோக்கியிருக்க வேண்டும். சற்றே சாய்ந்தாலும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மூக்கை உங்கள் பக்கமாகச் சற்று இழுத்து வையுங்கள். நுரை மேலே கடந்ததும் உருண்டு எழுந்து உடனே துழாவுங்கள். முதலில் இடுப்பளவு நீரில் இருபது முறை பழகுங்கள்.

உப்புக்காது எழுதியது:

கூடவே ஒன்று. வெளியே போகும்போது ஒருவர் உங்களை நோக்கிச் சறுக்கி வந்தால், அவருக்கு முன்னால், உடையாத பக்கமாகத் தப்பிக்கத்தான் மனம் சொல்லும். அந்தப் பக்கம்தான் அவரும் வருவார். அவருக்குப் பின்னால், உடைந்த நுரைக்குள் போங்கள். நன்றாக அடி வாங்குவீர்கள், ஆனால் அவருக்கு வழி கிடைக்கும்.

புதுப்பலகை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதே இடத்துக்கு நேற்றுப் போயிருந்தேன்; அவரும் இருந்தார். நடுவில் அமராமல் ஓரமாக அமர்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு அலைகள் கிடைத்தன, இரண்டிலும் பத்து விநாடிகூட நிற்கவில்லை. திரும்பி லைன்அப்புக்குப் போகும்போது பெரிய செட் ஒன்று வந்தது. அவர் எனக்கு நேர் பின்னால் இருந்தார். உருண்டு பற்றிக்கொண்டேன்; முப்பது அடியாவது பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கும், மூக்கு வழியாக நீர் ஏறியது, ஆனால் பலகை கையில்தான் இருந்தது. எழுந்து பார்த்தபோது அவர் என்னைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முன்பு பலகையைக் கைவிட்ட நாள்களில் கயிறு நன்றாக இழுபட்டிருக்கிறது. கணுக்கால் பட்டைக்கு அருகில் வழக்கத்தைவிட மெலிந்து தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா?

நெடும்பலகை எழுதியது:

தாங்காது. தொடக்ககால லீஷ்கள் ரப்பர் போல நீண்டு, பலகையைத் திரும்ப இழுத்து எறிந்தன. குளிர்நீர் உடையைப் பரப்பிய ஜாக் ஓநீல் தன் இடக்கண் பார்வையை இழந்தது அப்படித்தான். இன்றைய கயிறு அவ்வளவு நீளாது, ஆனால் மெலிந்த கயிறு அறுந்தால் உங்கள் பலகை கரைவரை தனியாகப் போகும். இடையில் நிற்பவர்கள் இடுப்பளவு நீரில் நுரையில் பழகுபவர்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். பலகையோடு கயிற்றை இணைக்கும் சிறு முடிச்சையும் சேர்த்துப் பாருங்கள், அதுவும் அறுந்துபோகலாம்.